சுழற்றிப் பார்த்தால் தெரியும்

சென்ற வாரம் டாக்காவில் நிறுத்தினோம். 1924 ஜூன் 4 அன்று சத்யேந்திரநாத் போஸ் தன் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைனே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து அச்சேற்றினார். கடுங்குளிரில் அணுக்கள் தனித்தனி அடையாளத்தை விட்டு ஒரே அலையாகிவிடும் என்ற கணிப்பு அங்கிருந்து கிளைத்தது.

இந்த வாரம் சூலூரில், எங்கள் அமுச்சி வீட்டு அடுப்படியில் தொடங்குகிறேன். வெந்த முட்டை எது, பச்சை முட்டை எது என்று அமுச்சி உடைக்காமலே சொல்லும். தரையில் வைத்து ஒரு சுழற்று; வெந்தது பம்பரமாய்ச் சுற்றும். பச்சை முட்டை தள்ளாடும், உள்ளே இருப்பது ஓட்டோடு சேர்ந்து சுற்றாததால்.

இயற்பியலாளர் அந்தோணி லெக்கெட் 1970இல் முன்வைத்த சோதனையும் ஏறத்தாழ இதுதான். உறைந்த ஒரு பொருளைச் சுழற்றும்போது அதில் ஒரு பங்கு கூடவே சுற்றாமல் நின்றால், அது படிகமாகவும் உராய்வற்ற நீர்மமாகவும் ஒருங்கே இருக்கிறது. அதன் பெயர் சூப்பர்சாலிட்.

2004இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மோசஸ் சானும் உன்சியோங் கிம்மும் அதைக் கண்டதாக அறிவித்தார்கள். கண்ணாடியின் நுண்துளைகளில் ஹீலியத்தை உறைய வைத்து, அதை ஊசலாக முறுக்கிவிட்டு ஆட்டினார்கள். 0.2 கெல்வினுக்குக் கீழே ஊசல் வேகமெடுத்தது. எடையில் ஒரு பங்கு காணாமல் போனதுபோல. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் குளிரில் திட ஹீலியம் தானே விறைப்பாகிறது, அதனாலும் ஊசல் மாறும் என்று பின்னர் தெரிந்தது. சான் கருவியை மாற்றிக் கட்டினார், மறுபடி அளந்தார். 2012இல் அந்த விளைவு இல்லை என்று தம் கையாலேயே எழுதினார். இந்தத் தொடரில் இதுவரை சொன்ன எந்த வெற்றியையும்விட இந்த எட்டாண்டு நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

விடை டிஸ்ப்ரோசியம் வாயுவிலிருந்து வந்தது. அதன் அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். ரூபிடியம் அணுவைவிடச் சுமார் பத்து மடங்கு வலுவானது. தலையும் வாலுமாய் நின்றால் இழுக்கும், பக்கம் பக்கமாய் நின்றால் தள்ளும். 2019இல் பிசா, ஸ்டட்கார்ட், இன்ஸ்ப்ரூக் ஆகிய மூன்று இடங்களிலும், கெல்வினில் நூறு கோடியில் சில பத்துப் பங்கு குளிரில், இந்த வாயு தானாகவே துளித்துளியாய் வரிசை கட்டியது. பணியாரக் கல்லின் குழிகளைப் போல. ஆனால் ஒரு குழி மாவு அந்தக் குழிக்கு மட்டும் சொந்தமில்லை. எல்லா அணுவும் எல்லாத் துளியிலும் பரவி நின்றது.

சுழற்றிச் சுழிகளைக் காண்பது பாக்கி இருந்தது. 2024இல் இன்ஸ்ப்ரூக்கில் பிரான்செஸ்கா ஃபெர்லைனோ குழு காந்தப்புலத்தைச் சுழற்றி வாயுவைக் கலக்கியது. துளிகளுக்கு நடுவே சின்னஞ்சிறு சுழிகள் தெரிந்தன. உராய்வற்ற நீர்மத்தின் அடையாளம் அவை.