ரெண்டு ரூபாயும் ரெண்டு லட்சம் டாலரும்

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க சித்தப்பா. போன மாசம் ஒரு ரெண்டு ரூபாய் நாணயத்தை க்ளோசப்ல போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தார். அதுல வருஷத்தோட எண்கள் நிழல் விழுந்த மாதிரி ரெண்டு ரெண்டா தெரிஞ்சது. கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "இது மிஸ்பிரின்ட் காயின்டா. ஒருத்தர் ஒன்பது லட்சம் தர்றேங்கறார். கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லு."

பார்த்தேன். பார்க்க ஆரம்பிச்சவன் 1943-ம் வருஷ அமெரிக்காவுல போய் நின்னேன்.

இரண்டாம் உலகப் போர் நேரம் அது. தோட்டா உறைகளுக்குச் செம்பு வேணும். அதனால அந்த ஒரு வருஷம் மட்டும் அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தைச் செம்புல அடிக்காம, துத்தநாகம் பூசின எஃகுல அடிச்சாங்க. மூணு நாணயச்சாலையும் சேர்த்து 100 கோடிக்கு மேல அடிச்சிருக்காங்க. ஆனா 1942-ல மிச்சமான சில செம்பு வில்லைகள், வில்லை கொண்டுபோற தொட்டிகளோட இடுக்குல சிக்கிக் கிடந்திருக்கு. எஃகு வில்லைகளோட கலந்து அதுவும் மெஷினுக்குள்ள போய், 1943-னு முத்திரை வாங்கிட்டு வெளியே வந்துடுச்சு. சேகரிப்பாளர்கள் பொதுவா ஏத்துக்கிட்ட விளக்கம் இதுதான். இப்படித் தப்பிச்சு வந்தது மொத்தமே ஐம்பதைத் தாண்டாது.

1947-ல மாசசூசெட்ஸ் மாநிலத்துல பிட்ஸ்ஃபீல்டுங்கிற ஊர்ல, 16 வயசுப் பையன் ஒருத்தனுக்குப் பள்ளி கேன்டீன்ல கிடைச்ச சில்லறையில அதுல ஒண்ணு இருந்தது. செம்பு சென்ட் கொண்டு வந்தா ஹென்றி ஃபோர்டு புதுக் கார் தருவார்னு அப்ப ஒரு வதந்தி. விசாரிச்சா அது பொய். அரசாங்கத்தோட கருவூலத் துறைக்குக் கேட்டு எழுதினான். 1943-ல செம்புல நாணயமே அடிக்கலைன்னு பதில் வந்தது. நாணயம் அடிச்சவங்களே அப்படி ஒண்ணு இல்லைன்னு சொல்றாங்க! அவன் அதை விக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. 71 வருஷம் வச்சிருந்தார். 2018-ல அவர் இறந்தார். அடுத்த ஜனவரியில ஏலத்துல அது 2,04,000 டாலருக்குப் போச்சு.

அடிச்சவங்களே இல்லைன்னு சொன்னதை எப்படி நிரூபிக்கிறது? முதல் டெஸ்டுக்கு ஒரு காந்தம் போதும். எஃகு ஒட்டும், செம்பு ஒட்டாது. எஃகு நாணயத்துக்குச் செம்பு முலாம் பூசி ஏமாத்தினவங்க நிறைய பேர். அவங்க எல்லாரும் இந்த இடத்துலயே மாட்டிக்குவாங்க. அடுத்தது எடை. எஃகு சென்ட் 2.70 கிராம், செம்பு சென்ட் 3.11 கிராம். இன்னும் கெட்டிக்காரங்க 1948-ம் வருஷ அசல் செம்பு நாணயத்தை எடுத்து, 8-ல பாதியைச் சுரண்டி 3 ஆக்கினாங்க. அதுல காந்தமும் எடையும் சரியா வரும். ஆனா உண்மையான 1943 நாணயத்துல 3-ஓட வால் கீழே நல்லா நீண்டிருக்கும். 8-ஐச் சுரண்டி அந்த வாலைக் கொண்டு வர முடியாது.

அதாவது பார்க்க விநோதமா இருக்கான்னு யாரும் கேக்கறதில்லை. தப்பு நாணயச்சாலைக்கு உள்ளே எந்த இடத்துல நடந்ததுன்னுதான் தேடுறாங்க.

உள்ளே நடந்த தப்பு எல்லாத்துக்கும் விலை உண்டான்னா, அதுவும் இல்லை. 1955-ல பிலடெல்பியாவுல ஒரு அச்சு தயாரிக்கும்போது, மூல அச்சை அதுல ரெண்டாவது தடவை அழுத்தினப்ப கொஞ்சம் திரும்பிடுச்சு. அந்த அச்சுல எழுத்தெல்லாம் இரட்டையா விழுந்தது. அதுல அடிச்ச அத்தனை சென்ட்டும் அப்படியே. கண்டுபிடிக்கிறதுக்குள்ள நல்ல நாணயங்களோட கலந்துட்டதால, போகட்டும்னு விட்டுட்டாங்க. 20,000-க்கு மேல வெளியே போச்சு. சிகரெட் மெஷின்ல 25 சென்ட் போட்டா 23 சென்ட் பாக்கெட்டோட உறைக்குள்ள மீதி ரெண்டு சென்ட் இருக்குமாம். நிறைய பேருக்கு இது அப்படித்தான் கிடைச்சிருக்கு. இன்னைக்கு அதுக்கு ஆயிரம் டாலருக்கு மேல விலை.

ஆனா அச்சு சரியா இருந்தும், மெஷின்ல தளர்வா மாட்டியிருந்தா, அடிக்கும்போது துள்ளி எழுத்தோட ஓரத்தை நசுக்கும். அதுவும் இரட்டையாத்தான் தெரியும். லென்ஸ்ல பார்த்தா வித்தியாசம் புரியும்: முதல் வகையில ரெண்டு எழுத்தும் முழுசா, உருண்டையா எழும்பி நிக்கும், இதுல ரெண்டாவது வெறும் தட்டையான படிக்கட்டு. இது ரொம்ப சாதாரணம், விலையே கிடையாது. எங்க பாஷையில சொன்னா, ஒண்ணு கோட்ல இருக்கிற பக், இன்னொண்ணு ஸ்க்ரீன் ஒரு தடவை மினுக்கினது.

சித்தப்பா நாணயத்துல இருந்தது தட்டையான படிக்கட்டு.

போன் பண்ணிச் சொன்னேன். அவர் கோபமா, "அந்தப் பையனுக்கும் இல்லைன்னுதானேடா சொன்னாங்க?"ன்னார். நியாயமான கேள்விதான், கொஞ்சம் தடுமாறிட்டேன். அப்புறம் கேட்டேன்: "சித்தப்பா, அந்த ஒன்பது லட்சக்காரர் நாணயத்தை நேர்ல பார்க்கணும்னு கேட்டாரா? எடை கேட்டாரா?" கேக்கலை. ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம்னு 1,500 ரூபாய் மட்டும் கேட்டிருக்கார். பழைய நாணயம் வாங்குறோம்னு சொல்லி இப்படிக் கட்டணம், வரின்னு பணம் பறிக்கிறாங்கன்னு ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்லயே எச்சரிச்சிருக்கு. அதைப் படிச்சுக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நேத்தே அனுப்பிட்டேன்டா. சித்திகிட்ட சொல்லிடாதே."

உடனே 1930-க்கு அடிச்சுப் புகார் கொடுக்க வச்சேன். பணம் இன்னும் வரலை. அந்த ரெண்டு ரூபாய் அவர் பர்ஸ்லயேதான் இருக்கு, செலவு பண்ண மனசு வரலையாம்.