மூணு செட்டு, பத்து ரெப்பு: ஒரு கணக்கின் பூர்வீகம்

அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி செக்போஸ்ட், பூந்தமல்லி டிரங்க் ரோடு என்று எந்தப் பக்கத்து ஜிம்மில் சேர்ந்தாலும் மாஸ்டர் முதலில் சொல்லித்தருவது ஒரே கணக்குதான்: "மூணு செட்டு, பத்து ரெப்பு." அதாவது, நிறுத்தாமல் பத்து முறை தூக்கினால் ஒரு செட்; அப்படி மூன்று சுற்று. போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையனுக்கும் அதுதான், தொப்பை குறைக்க வந்த ஐ.டி. ஊழியருக்கும் அதுதான். இதை முதலில் எழுதிவைத்தவர் யார் என்று தேடத் தொடங்கினேன்.

முதல் சந்தேகம் நம் ஊர்த் தேகப்பயிற்சி மேல் விழுந்தது. ஆனால் தண்டாலும் பஸ்கியும் நூற்றுக்கணக்கில் எண்ணப்படுபவை. அங்கே உடம்புதான் பாரம். பாரத்தை ஏற்ற வழியில்லாததால் எண்ணிக்கைதான் ஏறும். பத்தோடு நிறுத்த அங்கே காரணமே இல்லை.

அடுத்து யூஜின் சாண்டோ. 1904-05இல் இந்தியாவைச் சுற்றி வந்த பயில்வான். 1897இல் வெளியான அவருடைய பயிற்சிப் புத்தகத்தில் இருப்பது லேசான டம்பெல், நிறைய எண்ணிக்கை. அதுவும் பொருந்தவில்லை. 1902இல் அமெரிக்காவில் பார்பெல் விற்கத் தொடங்கிய ஆலன் கால்வர்ட்டிடம்தான் ஒரு தடயம் கிடைத்தது. ஐந்து முறையில் ஆரம்பித்துப் பத்துவரை ஏற்று, பிறகு எடையைக் கூட்டி மறுபடி ஐந்துக்கு வா என்பது அவர் முறை. பத்து கிடைத்துவிட்டது, மூன்று கிடைக்கவில்லை.

எனவே மறுமுனையிலிருந்து பின்னோக்கி நடந்தேன். 1962இல் ரிச்சர்ட் பெர்கர் என்ற ஆய்வாளர் கல்லூரி மாணவர்களை ஒன்பது குழுக்களாகப் பிரித்து, 12 வாரம் பெஞ்ச் பிரஸ் செய்யவைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று செட். இரண்டு, ஆறு, பத்து ரெப். அதாவது, அதற்குள் மூன்றும் பத்தும் சோதித்துப் பார்க்கவேண்டிய அளவுக்குப் பழகிப்போயிருக்கின்றன. அப்படியானால் மூலம் இன்னும் பழையது.

அது 1948இல் அகப்பட்டது. தாமஸ் டிலோர்ம், ஆர்தர் வாட்கின்ஸ் என்ற இரு மருத்துவர்கள் உடலியல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை. பத்து முறை தூக்கலாம், பதினோராவது முடியாது என்கிற எடைதான் அவர்களுடைய அளவுகோல். முதல் செட் அதில் பாதி, இரண்டாவது முக்கால், மூன்றாவது முழுசு. மூன்று செட்டிலும் பத்துப் பத்து ரெப்.

ஆனால் அதே கட்டுரையில் ஒரு திருத்தமும் இருந்தது. முன்பு தாங்கள் சொன்ன மொத்த எண்ணிக்கை அதிகம், 20 முதல் 30 வரை போதும் என்று எழுதியிருந்தார்கள். அந்த 'முன்பு' 1945. சிகாகோ கார்டினர் ராணுவ மருத்துவமனையில் போரில் முழங்கால் சிதைந்த சிப்பாய்கள் குவிந்திருந்த காலம். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் நலிந்து, பளு தூக்கியே உடம்பைத் தேற்றிக்கொண்டவர் டிலோர்ம். லேசான எடையை ஓயாமல் ஆட்டும் அன்றைய சிகிச்சையை விட்டுவிட்டு, சிப்பாய்களின் பாதத்தில் இரும்புக் காலணியைக் கட்டிக் கனமாகத் தூக்கவைத்தார். அப்போது அவர் எழுதியது மூன்று செட் அல்ல, ஏழு முதல் பத்து செட்!

பிறகு ஏன் குறைத்தார்? எண்ணிக்கை குறைந்தால் இன்னும் கனமாகத் தூக்கலாம் என்பதுதான் 1948 கட்டுரை தரும் காரணம். ஆக, 'மூன்று' பிறந்ததே எடைக்காக. முதல் இரண்டு செட்டும் படிக்கட்டு; உண்மையான வேலை மூன்றாவதில்தான். நம்மிடம் வந்துசேர்ந்தபோது எண்கள் தங்கின, எடைக்கணக்கு வழியிலேயே உதிர்ந்துவிட்டது. மூன்று செட்டுக்கும் ஒரே பிளேட், மாதக்கணக்கில் அதே பிளேட் என்று தூக்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம்.

பத்தும் கல்வெட்டு அல்ல. பெர்கரின் சோதனையில் பலம் அதிகம் கூடியது மூன்று செட், ஆறு ரெப் செய்த குழுவுக்கு. தசை பருக்கவேண்டுமென்றால், களைப்பின் விளிம்புவரை தூக்கும்பட்சத்தில் ரெப் குறைவாயிருந்தாலும் கூடுதலாயிருந்தாலும் பலன் உண்டு என்கின்றன பிந்தைய ஆய்வுகள்.

டிலோர்மின் கணக்கை இன்று போட்டுப் பார்க்க விரும்புகிறவர், பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையை முதலில் கண்டுபிடிக்கவேண்டும். அது 40 கிலோ என்றால் 20, 30, 40. டிலோர்ம் அந்த எடையை வாரம் ஒருமுறை புதிதாக அளந்தார். அடுத்த வாரம் அதே 40 பன்னிரண்டு முறை மேலே போகிறதென்றால், பழைய கணக்கு காலாவதி, பிளேட்டைக் கூட்டவேண்டியதுதான்.