வானம் பார்த்த பூமியில் ஒரு விழா நகரம்

புதுக்கோட்டைக்கு வற்றாத ஆறு கிடையாது. மாவட்டத்தின் வழியே போகும் வெள்ளாற்றில் மழை பெய்தால்தான் தண்ணீர்; மற்ற மாதங்களில் வெறும் மணல். காவிரி நீர் கல்லணைக் கால்வாய் வழியாக மாவட்டத்தின் கிழக்குப் பகுதிக்கு எட்டியதே 1934க்குப் பிறகுதான். மற்ற இடமெல்லாம் செம்மண்ணும் பாறையும் கண்மாய்களுமாக, வானம் பார்த்த பூமி. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தலைநகரம் எழுந்து, வெளியூர் மக்களை ஆண்டுதோறும் தன் பக்கம் இழுத்ததற்கு முதல் காரணம் தேக்கி வைத்த மழைநீர்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான்களின் ஊர் நெடுங்காலம் குறுகலான சந்துகளும் கூரை வீடுகளுமாகவே இருந்தது. 1812இல் பிடித்த பெருந்தீயில் அது பெரும்பாலும் அழிந்தது. தஞ்சாவூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த பிளாக்பர்னின் யோசனைப்படி, அரண்மனையை நடுவில் வைத்து, நேர்க்கோட்டு வீதிகளோடு ஊர் திரும்பக் கட்டப்பட்டது. அரண்மனையைச் சுற்றி நான்கு ராஜ வீதிகள். அவற்றுக்கு இணையாகக் கீழ இரண்டாம் வீதி, தெற்கு நான்காம் வீதி என்று எண்ணிட்ட வீதிகள். இன்றைக்கும் புதுக்கோட்டைக்காரர்கள் முகவரி சொல்வது இந்தக் கணக்கில்தான்.

வீதி அமைந்தாலும் குடிநீர் வேண்டுமே. 1878இல் திவானாக வந்து 1894 வரை நிர்வாகத்தை நடத்திய அ. சேஷய்யா சாஸ்திரி புதுக்குளத்தையும் பல்லவன்குளத்தையும் சீர்ப்படுத்தினார். ஊருக்கு அவர் செய்த எத்தனையோ காரியங்களில் இதையே முதலாவதாகச் சொல்ல வேண்டும். கேளிக்கைக்குப் பேர்போன வறண்ட நிலத்து நகரங்கள் பலவற்றுக்கும் அடியில் நீர் இருக்கிறது. அமெரிக்காவின் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியதும், லாஸ் வேகாஸுக்குப் பக்கத்தில் கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை வேலை தொடங்கியதும் ஒரே ஆண்டில், 1931இல்.

புதுக்கோட்டையில் கூட்டம் சேர்த்தது நவராத்திரி. 1738இல் விஜயரகுநாதராய தொண்டைமான் திருவரங்குளம் காட்டில் ஞானி சதாசிவப் பிரம்மேந்திரரைச் சந்தித்தார் என்றும், மௌன விரதத்தில் இருந்த அவர் மணலில் எழுதிக் காட்டிய மந்திரத்தை அந்த மணலோடு அரசர் அரண்மனைக்குக் கொண்டுவந்தார் என்றும் சமஸ்தானத்து மரபு கூறும். அந்த வழிபாட்டை ஒட்டித் தசரா பெருவிழாவாக வளர்ந்தது. ஏழை எளியவர்களுக்கு அரிசியோடு அம்மன் காசும் கொடுத்தார்கள். விரல் நுனியில் அடங்கும் சின்னச் செப்புக்காசு அது. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்றிருக்கும். ரூபாய்க்கு 320 காசு. பிரகதாம்பாளுக்கு அரைக்காசு அம்மன் என்ற பெயர் நிலைத்தது இதனால்தான். காணாமற்போன பொருள் கிடைக்க அவளை வேண்டிக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாடு முழுவதும் உண்டு.

அரண்மனை ஆதரவு இசையையும் வளர்த்தது. மான்பூண்டியா பிள்ளை (1857–1922) கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றினார். அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பெரும்புகழ் பெற்றார். லய நுட்பத்தில் புதுக்கோட்டைப் பாணி என்று தனியாகச் சொல்லும் அளவுக்கு ஒரு பரம்பரை இங்கே வேரூன்றியது. பின்னாளில் திரையில் கொடிகட்டிப் பறந்த பி. யு. சின்னப்பாவும் இந்த ஊர்க்காரரே. 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இன்றும் இயங்குகிறது.

சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டம் பிறந்தது. பின்னாளில் கட்டிய புதிய அரண்மனை ஆட்சியர் அலுவலகமாயிற்று. அரசர் நடத்திய விழா போனபின், பயணிகள் தேடிவருவது ஊருக்கு வெளியே உள்ள குன்றுகளை.

அவற்றில் தலையாயது ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் உள்ள சித்தன்னவாசல். குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில் சமண முனிவர்களுக்கான 17 கற்படுக்கைகள், கல் தலையணைகளோடு வழவழப்பாக இருக்கின்றன. ஒன்றில் தமிழ் பிராமிக் கல்வெட்டு. கீழே அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம்: மீன்கள், அன்னங்கள், யானைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. முன்னால் நிற்கும் தூண்கள் இருபதாம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை. அடிவாரத்தில் இப்போது பூங்காவும் படகுச் சவாரியும் வந்துவிட்டன. விடுமுறை நாளில் குடும்பத்தோடு வருபவர்களுக்கு அவை தேவைதான். ஆனால் பூங்காவோடு திரும்பிவிடுபவர்கள், வண்ணம் உதிர்ந்துகொண்டிருக்கும் அந்தத் தாமரைக் குளத்தைப் பார்க்காமலே போகிறார்கள் என்பது பெரிய இழப்பு.

தை பிறந்தால் கூட்டம் வாடிவாசல்களுக்கு மாறும். தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக நடப்பது கந்தர்வகோட்டை அருகிலுள்ள தச்சங்குறிச்சியில். 2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் ஒரே நாளில் 1,353 காளைகள் அவிழ்த்துவிடப்பட்டு உலக சாதனையாகப் பதிவாயின.