ஒரே ஒரு வாடிக்கையாளர்: மாசிக் கருவாட்டின் கதை

மாசிக் கருவாட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அது மீன் மாதிரியே இருக்காது. காய்ந்த விறகுத் துண்டு மாதிரி இருக்கும், உரலில் போட்டு இடிச்சாத்தான் உடையும். காயல்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் சம்பலுக்குப் போடுறாங்களே, அது மாலத்தீவுச் சரக்கு. அங்கே பேசுற திவேஹி மொழியில் 'மஸ்' என்றால் மீன். நம்ம 'மாசி' அதிலிருந்து வந்ததுதான்.

மாலத்தீவு முழுக்கப் பவளத் தீவுகள், மணல் பூமி. அங்கே நெல் விளையாது. இருக்கிறது தென்னையும் சூரை மீனும்தான். தென்னையில் இறக்குற புளிக்காத 'ரா' அவங்க பானம், நம்ம பதநீருக்குத் தங்கச்சி. மீனை வெறும் உப்புத் தண்ணீரில் வேகவைத்தால் 'கருதியா' என்கிற தெளிவான ரசம். அந்தத் தண்ணீரையே மணிக்கணக்கா சுண்டக் காய்ச்சினா 'ரிஹாகுரு', கரும்பழுப்பு விழுது. வெந்த மீனைப் புகையில் போட்டு, பிறகு நாள்கணக்கா வெயிலில் காயவைத்தால் மாசி. ஒரே பானையில் மூன்று பண்டம், எதுவும் வீணாகாது.

இது புதுசா வந்த முறை இல்லை. 1343 கடைசியில் அங்கே போய் காஜியா வேலை பார்த்த இப்னு பதூதா, மீனை நாலாக வெட்டி, லேசா வேகவைத்து, ஓலைக் கூடையில் புகையில் தொங்கவிடுறதை எழுதி வைத்திருக்கிறார். அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் போனதாம். சோழிகளை வங்காளத்துக்கு அனுப்பி அரிசி வாங்கினதும் அவர் குறிப்பில் இருக்கு. அதாவது, தட்டில் இருக்கிற சோறு அப்பவே வெளியிலிருந்து வந்ததுதான்.

என்னைக் கவர்ந்த இடம் இதுக்கப்புறம்தான். சோழிக்கு மதிப்பு போச்சு. 20ஆம் நூற்றாண்டில் மாசிதான் நாட்டின் முக்கிய ஏற்றுமதி, அதை வாங்குறது கிட்டத்தட்ட இலங்கை மட்டும். கொழும்புக்குத் தோணியில் மாசி போகும், அரிசியும் துணியும் திரும்பி வரும். எங்க சாஃப்ட்வேர் வேலையில் இதைப் பார்த்தா உடனே கையைத் தூக்குவோம்: ஒரு சர்வர் விழுந்தா மொத்தமும் விழும்!

விழவும் செய்தது. இரண்டாம் உலகப் போரில் அரிசி வரத்து குறைஞ்சு, தீவுகளில் பஞ்சம். ஜனங்க இலைதழைகளைத் தின்று நாளைக் கடத்தினாங்க. மாசி வியாபாரத்தை மாலேயில் இருந்த வெளிநாட்டு வணிகர்களிடமிருந்து அரசின் கைக்குக் கொண்டுவந்தவர் முகமது அமீன் தீதி. அவரே 1953இல் குடியரசுத் தலைவரானார், அதே வருஷம் கவிழ்க்கப்பட்டார். உணவுத் தட்டுப்பாட்டின் கோபமும் அதற்கு ஒரு காரணம். விற்பவரை மாற்றினாரே தவிர, வாங்குறவர் மாறவே இல்லை. என் கணக்கில் உண்மையான ஓட்டை அதுதான்.

அடுத்த அடி 1970களின் தொடக்கத்தில். இலங்கையிலேயே அந்நியச் செலாவணி இல்லை, மாசி இறக்குமதியை வெட்டினாங்க. கொழும்பில் சீனிச் சம்பலுக்கு ருசி குறைஞ்சது. மாலத்தீவிலோ ஒரு தேசத்தின் வருமானமே ஆட்டம் கண்டது. அப்போதான் ஜப்பானியக் கப்பல்கள் வந்து பச்சை மீனையே வாங்கி உறையவைத்தன. 1972இல் முதல் சுற்றுலா விடுதியும் திறந்தது.

நாடு பிழைச்சது. ஆனா மீன் பிடிக்கிறது ஆண்கள் வேலைன்னா, அதை வேகவைத்து, புகைபோட்டு, காயவைத்து மாசியாக்குறது பெண்கள் வேலை. பிடிச்ச மீன் நேரா கப்பலுக்குப் போனபோது, பணம் முழுக்க ஆண்கள் கைக்குப் போச்சு. பெண்களின் அடுப்பும் அதோடு வந்த சம்பாத்தியமும் சுருங்கின. மாலத்தீவின் வளர்ச்சிக் கதையைச் சொல்றவங்க பலர் விடுதியிலிருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. இந்த அடுப்புக் கணக்கை யாரும் பெருசா எடுக்கிறதில்லை.

அடுத்த எபிசோடில் அந்தச் சோழிகளைப் பத்திப் பேசுவோம்.