தலை மாறிய சிப்பாய்

கட்டை விரலை நீட்டுங்கள். நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஸ்கேல் வைத்து அளந்தால் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் இருக்கும். அதைவிடக் கொஞ்சம் குட்டையாக, 28 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு சிப்பாய்! அவனுக்குத் தொப்பி, பெல்ட், தோளில் துப்பாக்கி, சட்டையில் பொத்தான் வரிசை எல்லாம் உண்டு. மீசைகூட உண்டு. அந்த மீசையை வரைய வேண்டுமானால் கூர்நுனிப் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு மூச்சை ஒரு நிமிஷம் அடக்க வேண்டும். தும்மல் வந்தால் போச்சு.

இப்படி நூறு இருநூறு சிப்பாய்களைச் சேர்த்து, பெயிண்ட் அடித்து, மேஜை மேல் அணிவகுக்க வைத்துப் போர் நடத்துகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பத்து வயதுப் பையன்கள் அல்ல... டாக்டர்கள், வக்கீல்கள், ரிட்டயர்டு கர்னல்கள்! யார் எத்தனை அங்குலம் நகரலாம் என்பதை டேப் சொல்லும். சுட்டால் எத்தனை பேர் விழுவார்கள் என்பதைப் பகடை சொல்லும். 'பொம்மை வெச்சு விளையாடற வயசா இது?' என்று கேட்டுவிடாதீர்கள். வருஷா வருஷம் பரணிலிருந்து பொம்மைகளை இறக்கி, மூக்கு உடைந்த செட்டியாருக்கு மூக்கு வைத்து, சாயம் போன கிருஷ்ணனுக்கு நீலம் பூசி, படிக்குப் பக்கத்தில் மண்ணைக் கொட்டி மலையும் குளமும் 'பார்க்'கும் கட்டி, முடிந்ததும் போட்டோ எடுத்து வைக்கிற ஊர் நம்முடையது. அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை கிடையாது!

இதில் பாதிப் பேர் போர் விளையாடுவதே இல்லை. அவர்களுக்குப் பொம்மையை மாற்றுவதில்தான் கிக். 'கன்வர்ஷன்' என்பார்கள். ஒருவனின் உடம்பு, இன்னொருவனின் கால், மூன்றாமவனின் தலை. பிளேடால் வெட்டி, அரத்தால் தேய்த்து, பசை போட்டு ஒட்டி, இடைவெளியைப் புட்டி வைத்து அடைத்தால் கடையில் கிடைக்காத ஒரு புது மனிதன் தயார். வெளிநாட்டில் இதற்கென்றே பச்சை நிறத்தில் ஒரு புட்டி விற்கிறார்கள். நமக்கு இருக்கவே இருக்கிறது, குழாய் ஒழுகினால் அடைக்கிற எம்-சீல்! இரண்டு குச்சியையும் சேர்த்துப் பிசைந்தால் கல்லாக இறுகுவதற்குள் மீசை, முண்டாசு, முடிச்சு எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

அப்புறம் பெயிண்ட். முதலில் உடம்பு முழுக்க ஒரே நிறத்தில் அஸ்திவாரப் பூச்சு. அதன் மேல் நீர்க்கக் கரைத்த வண்ணம், இரண்டு மூன்று தடவை. பிறகு கழுவின தண்ணீர் மாதிரி ஒரு கருப்புக் கரைசலை மேலே ஓடவிட்டால் அது மடிப்புகளுக்குள் போய்த் தங்கி, தானே நிழலாகிவிடும். கடைசியாக, பெயிண்டை முக்கால்வாசி துடைத்துவிட்ட காய்ந்த பிரஷ்ஷால் மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தடவினால், வெயில் பட்டது போல ஒரு மினுக்கம். கட்டை விரல் அளவு பொம்மைக்குள் ஓர் ஆள் வந்து உட்கார்ந்துவிடுவான்.

இந்த மேஜைப் போருக்கு விதை நம் ஊருடையது. சதுரங்கம் என்றாலே நால்வகைப் படைதானே? இங்கிருந்து பாரசீகம், அரேபியா வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்த செஸ்ஸை எடுத்துக்கொண்டு, ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்பவர் கட்டங்களைப் பெருக்கி, ஒவ்வொரு நிறக் கட்டத்துக்கும் மலை, சதுப்பு, ஆறு என்று அர்த்தம் கொடுத்து, 1780-ல் ஒரு 'போர்ச் சதுரங்கம்' வெளியிட்டார். (அதே 1780 செப்டம்பரில்தான் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில், ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை நிஜமாகவே துடைத்தெடுத்தார்கள். அங்கே கட்டம், இங்கே ரத்தம்!) 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி கட்டங்களைத் தூக்கி எறிந்துவிட்டு மேப் மேலேயே ஆடும் விளையாட்டாக மாற்ற, அது ராணுவ அதிகாரிகளுக்குப் பாடமாகவே ஆனது.

பொம்மைச் சிப்பாய் தனி வழியில் வளர்ந்தான். 1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவர் ஒரு தந்திரம் செய்தார். உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, வெளித்தோல் இறுகியதும் நடுவில் இருப்பதைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவது. உள்ளே பொள்ளலான சிப்பாய். ஈயம் மிச்சம், விலை மலிவு! மார்க்கெட்டையே பிடித்துவிட்டார். இருபது வருஷம் கழித்து 1913-ல் எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், இந்தச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்திச் சண்டை போடுவதற்கான விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாகவே எழுதிவிட்டார். பொம்மைப் போர்க்களத்தைப் போட்டோ எடுத்துப் போட்டதில் அதுவும் ஒரு முன்னோடி. மறுவருஷம் நிஜமான உலகப் போர் வந்துவிட்டது.

அந்த பிரிட்டன்ஸ் கம்பெனியின் பட்டியலில் நம்மவர்களும் இருந்தார்கள். 'மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி' என்று ஒரு பெட்டி! வங்காளம், பம்பாய்க்கும் தனித்தனிப் பெட்டிகள். அந்தக் காலத்துப் பொம்மைக் கம்பெனிகளின் வழக்கம் தெரியும்தானே... ஒரே அச்சு, பெயிண்ட் மாறினால் வேறு ரெஜிமென்ட். லண்டனில் வரிசையாக உட்கார்ந்து பெயிண்ட் அடித்த பெண்கள், மதராஸ் சிப்பாயின் முகத்துக்கு ஒரு பழுப்பைத் தொட்டு இழுத்தார்கள். அவ்வளவுதான் நம் முப்பாட்டன்.

இப்போது நம் மேற்குச் சென்னைக்கு வருவோம். ஆவடி என்றால் சிலருக்கு 1955 காங்கிரஸ் மாநாடு ஞாபகம் வரும். ராணுவச் சொற்களின் முதல் எழுத்துகளைக் கோத்துத்தான் அந்தப் பெயரே வந்தது என்றொரு கதையும் உலவுகிறது. நம்புகிறவர்கள் நம்பலாம். பொம்மைக்காரர்களுக்கு ஆவடி என்றால் டாங்கி. 1960-களில் இங்கே வந்த கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா புறப்பட்டது. பிறகு ரஷ்ய டி-72 இங்கே அஜேயா ஆனது, டி-90 பீஷ்மா ஆனது. பக்கத்திலேயே இருக்கும் போர் வாகன ஆராய்ச்சி மையத்தில் அர்ஜுன் உருவானது. 2021-ல் தொழிற்சாலையின் நிர்வாகம் 'ஆர்மர்டு வெஹிகிள்ஸ் நிகாம்' என்ற அரசு கம்பெனிக்கு மாறியது. அதன் தலைமையகமும் ஆவடிதான்.

விஜயந்தா இருக்கிறதே, அதுவே ஒரு கன்வர்ஷன்! டிசைன் இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனி. பீரங்கி, சென்டூரியன் டாங்கியில் இருந்த அதே ரக 105 மி.மீ. எஞ்சின், சீஃப்டன் டாங்கியுடைய லேலண்ட். இங்கே வந்தபிறகு ஆவடிக்காரர்கள் அதையும் சும்மா விடவில்லை. விஜயந்தாவின் மேல் கோபுரத்தைத் தூக்கிவிட்டு, ரஷ்யாவின் 130 மி.மீ. பீரங்கியை ஏற்றி, தலைக்கு மேல் ஒரு கூரையும் போட்டு 'கேட்டபல்ட்' என்று பெயர் வைத்தார்கள். இங்கிலாந்து உடம்பு, ரஷ்யத் தலை, ஆவடி ஒட்டு. வீட்டு மேஜையில் பிளேடும் எம்-சீலுமாக உட்கார்ந்திருப்பவன் செய்வதைத்தான் சர்க்கார் பல டன் இரும்பில் செய்திருக்கிறது!

இதையெல்லாம் பொம்மையாகச் செய்வதில் ஒரு சௌகரியம். அசல் இருக்கிறது. ஓய்வு பெற்ற விஜயந்தா பல ஊர்களில் பீடத்தின் மேல் நிற்கிறது. போய்ப் பார்த்தால் போல்ட்டை எண்ணலாம், பச்சை எந்தப் பச்சை என்று நேரிலேயே ஒப்பிடலாம்.

ஆனால், 200 வருஷம் பின்னால் போய் நம் ஊர்ச் சிப்பாய் ஒருவனுக்குப் பெயிண்ட் அடிக்க உட்கார்ந்தால்? முதல் கேள்வியிலேயே பிரஷ் நின்றுவிடும். என்ன நிறம்?

வந்தவாசியில் 1760-ல் மோதிய வெள்ளைக்காரர்களுக்குக் கவலையில்லை. எந்த ரெஜிமென்ட்டுக்குக் காலர் மஞ்சள், எதற்குப் பச்சை, பொத்தான் பித்தளையா வெள்ளியா... எல்லாவற்றுக்கும் புத்தகம் இருக்கிறது. திப்புவின் படைக்கும் புலிவரிச் சட்டை என்று ஒரு துப்பு உண்டு. ஆர்க்காட்டு நவாபின் காலாள்? பாளையக்காரர்களின் ஈட்டிக்காரன்? அவன் வேட்டி வெள்ளையா, காவியா, அழுக்கா? யாரும் எழுதி வைக்கவில்லை. போரில் செத்தவர்களில் இவர்களும் உண்டு. வரலாற்றில் இல்லாத வெற்றிடம், பெயிண்ட் டப்பாவைத் திறந்ததும் கண்ணில் அடிக்கிறது பாருங்கள்.

கொஞ்சம் கை கொடுப்பவர்கள் நம் தஞ்சாவூர் ஓவியர்கள். 1800-களின் ஆரம்பத்தில் வெள்ளைக்காரர்கள் வாங்கிப் போவதற்காக, 'சிப்பாயும் மனைவியும்' என்று ஜோடி ஜோடியாக வரைந்து தள்ளினார்கள். அவற்றில் சில இன்றும் லண்டன் மியூசியத்தில் இருக்கின்றன. மேலே வெள்ளைக்காரச் சிவப்புக் கோட்டு, கீழே தொடை வரைக்கும் ஒரு வெள்ளை அரை டிராயர், காலில் பூட்ஸ் இல்லை, செருப்பு! கம்பெனி, தமிழ்நாட்டு உடம்பில் செய்த கன்வர்ஷன்.

அந்த கன்வர்ஷன் தலைக்கு வந்தபோதுதான் வெடித்தது.

நீங்கள் தினமும் டிராஃபிக்கில் திட்டிக்கொண்டே போகிற பூந்தமல்லி நெடுஞ்சாலை, கோட்டையிலிருந்து பூந்தமல்லி வழியாக ஆர்க்காடு, வேலூர் பக்கம் போகிற பழைய பாதை. கம்பெனிப் படைகள் நடந்த பாதை. 1805 நவம்பரில் மதராஸ் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக் சிப்பாய்களின் தோற்றத்தைச் 'சீராக்க' ஓர் உத்தரவு போட்டார். நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை எடு. மீசையை ஒரே அளவில் வெட்டு. அதோடு ஒரு புது மாடல் தலைப்பாகை. தலைப்பாகை என்று பெயரே தவிர, பார்வைக்குத் தொப்பி. முன்னால் தோலில் ஒரு சின்னம்!

மாட்டுத் தோலா, பன்றித் தோலா? இந்துவுக்கும் ஆகாது, முஸ்லிமுக்கும் ஆகாது. தொப்பி போட்டவனை ஊரில் என்ன சொல்வார்கள்? 'மதம் மாறிட்டான்' என்பார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள். நமக்கு இன்றைக்கு இது அற்பமாகத் தெரியலாம். அவனுக்கு அது தெருவில் தலை நிமிர்ந்து நடப்பதா, கூடாதா என்கிற விஷயம்.

1806 மே மாதம் வேலூரில் ஒரு பட்டாளம் 'போட மாட்டோம்' என்றது. அடங்க மறுத்தவர்களை மதராஸுக்குக் கொண்டுவந்து விசாரித்தார்கள். இரண்டு பேருக்குக் கசையடி, வேலையும் போயிற்று. அதோடு முடிந்தது என்று கோட்டையில் நினைத்தார்கள். ஜூலை 10, விடியற்காலை இருட்டில் வேலூர்க் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. தூங்கிக்கொண்டிருந்த 69-வது ரெஜிமென்ட் வெள்ளைக்காரச் சிப்பாய்களில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கோட்டையின் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட்டும் காலி. கோட்டைக்குள்ளேயே சிறை வைக்கப்பட்டிருந்த திப்பு குடும்பத்தின் புலிக்கொடி மேலே ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கர்னல் கில்லஸ்பி குதிரைப்படையோடு பறந்து வந்தார். பொழுது நன்றாக விடிந்து வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. சரணடைந்தவர்களில் சுமார் நூறு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தத்தில் செத்த சிப்பாய்கள் பல நூறு.

(அந்த ஆர்க்காட்டுக் குதிரைப்படை முகாமிட்டிருந்த ராணிப்பேட்டைப் பக்கம் இப்போது ஃபன்ஸ்கூல் பொம்மைத் தொழிற்சாலை இருக்கிறது. 90-களில் உங்கள் வீட்டுப் பையன்கள் அடம்பிடித்து வாங்கிய ஜி.ஐ.ஜோ சிப்பாய்களை விற்ற அதே கம்பெனி.)

புரட்சிக்குத் தொப்பி மட்டும்தான் காரணமா, திப்புவின் பிள்ளைகளுக்குக் கை உண்டா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். என் கட்சி, தொப்பி. ஏனென்றால் கம்பெனியே அப்படித்தான் நினைத்தது. உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். தளபதி கிராடக், கவர்னர் பெண்டிங்க் இருவரையும் லண்டனுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கலகம் செய்த பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. 2006-ல், சரியாக 200 வருஷம் கழித்து, இந்தியத் தபால் துறை ஒரு ஸ்டாம்ப் போட்டது.

ஆக, அந்தத் தொப்பியோடு ஒரு மதராஸ் சிப்பாயைச் செய்ய நினைத்தால், உங்கள் பொம்மையின் காலம் 1806-ல் சில மாதங்கள்தான். முந்தைய வருஷம் என்றால் துணி சுற்றிய பழைய தலைப்பாகை. சிவப்புக் கோட்டுப் போட்ட ஏதாவது ஒரு 28 மி.மீ. உடம்பு கிடைத்தால் போதும். முழுக்கால் சட்டையை முட்டிக்கு மேலே வரை அரத்தால் தேய்த்து அரை டிராயராக்குங்கள். பூட்ஸைச் சுரண்டிச் செருப்பு வாரை வரையுங்கள். முகத்துக்குப் பழுப்பு ஒன்று போதாது. செம்மண் நிறமும் கருப்பும் கலந்து, நாலு பேருக்கு நாலு விதமாகப் பூசுங்கள். தாடி வேண்டாம், நெற்றியும் காதும் வெறுமையாக இருக்கட்டும். உத்தரவு அப்படி.

படம் எடுக்கும்போது மேலிருந்து எடுக்காதீர்கள், பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். கேமராவை மேஜையோடு மேஜையாகத் தாழ்த்தி, சிப்பாயின் கண் மட்டத்துக்கு லென்ஸைக் கொண்டுவாருங்கள். ஸ்டாண்டில் நிறுத்தி, துவாரத்தை எஃப்-16 வரைக்கும் சுருக்கினால் மூக்கிலிருந்து முதுகுப் பை வரை தெளிவாக விழும். ட்யூப்லைட்டுக்கு முன்னால் ஒரு டிரேசிங் பேப்பர் கட்டினால் பெயிண்ட் பளபளக்காது. பின்னால் சாம்பல் நிற சார்ட், விடியற்காலைக்கு.

தலை மட்டும் பெட்டியில் வருகிற எதுவும் ஒத்து வராது. எம்-சீலைப் பிசைந்து நீங்களேதான் செய்ய வேண்டும். தோல் சின்னத்துக்குக் கடுகில் பாதி எடுத்தால் போதும்.