எலக்ட்ரானுக்கு மூத்த அணை

ஜனவரி 15, கர்னல் பென்னிகுவிக் பிறந்தநாள். லோயர் கேம்ப் மணிமண்டபத்துக்குப் பேரனை அழைத்துப் போயிருந்தேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். சிலைக்கு மாலை போடுகிறவர்களையும் பொங்கல் வைக்கிறவர்களையும் பார்த்துக்கொண்டே இருந்தவன், "தாத்தா, அணையில சிமெண்டே இல்லையாமே, அப்புறம் எது கல்லப் பிடிச்சு வச்சிருக்கு?" என்று கேட்டான்.

"சுண்ணாம்பும் சுர்க்கியும்" என்றேன். நம் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் சொல்லும் பதில்தான்.

"அதுதான் எப்படிப் பிடிக்குது?" என்றான். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து அவனுடைய வேதியியல் புத்தகத்தையும் என் பழைய பிரெஞ்சுப் படிப்பையும் துணைக்கு வைத்துக்கொண்டு தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முல்லைப் பெரியாறு அணையின் வேலை 1887-ல் தொடங்கியது. 1895 அக்டோபரில் சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். முன்னும் பின்னும் கருங்கல் கட்டு, நடு வயிறு முழுவதும் சுண்ணாம்பு-சுர்க்கி கான்கிரீட். கல் கட்டுக்கு இரண்டு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு சுர்க்கி, மூன்று பங்கு மணல். சுர்க்கி என்றால் சுட்ட செங்கல் பொடி. அன்று போர்ட்லண்ட் சிமெண்ட் சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டிய விலை உயர்ந்த சரக்கு. சுண்ணாம்புக்கல்லோ கூடலூர்ப் பக்கத்திலேயே கிடைத்தது.

சுண்ணாம்பு எப்படி இறுகுகிறது? சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். சுவரில் பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்ளிழுத்து மறுபடியும் கல்லாகும். நம் தாத்தாக்களின் காரைவீடு இப்படித்தான் இறுகியது. அதில் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்ப்பார்கள்.

ஆனால் அணை, வீட்டுச்சுவர் அல்ல. அடிப்பாகத்தில் நூறு அடிக்கு மேல் கனம். அதன் வயிற்றுக்குள் காற்று போக வழி ஏது? வெறும் சுண்ணாம்பாக இருந்தால் உள்ளே காலமெல்லாம் களியாகவே கிடந்திருக்கும். அங்கேதான் சுர்க்கி வேலை செய்தது.

இந்த வித்தை பழையது. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்பில் கலந்து கடலுக்குள்ளேயே கட்டினார்கள். அதை அறிவியலாக ஆராய்ந்தவர் லூயி விக்கா என்ற பிரெஞ்சு எஞ்ஜினீயர். தொர்தோஞ் ஆற்றில் சூயாக் பாலம் கட்டும்போது, களிமண் சேர்ந்த சுண்ணாம்பு தண்ணீருக்கடியிலும் இறுகுவதை ஆராய்ந்து 1818-ல் நூலாக வெளியிட்டார். சுண்ணாம்பு, சிமெண்ட் போன்ற பிணைக்கும் பொருளுக்குப் பிரெஞ்சில் 'லியான்' என்று பெயர். பள்ளியில் அணுக்களின் பிணைப்பை 'லியேஸோன்' என்று படித்தேன். இரண்டும் 'கட்டு' என்ற ஒரே வினையிலிருந்து வந்தவை. கொத்தனார் கலவைக்கும் அணுவுக்கும் ஒரே சொல் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

களிமண்ணைச் செங்கலாகச் சுடும்போது அதிலுள்ள நீர் போய், ஒழுங்கான அமைப்பு குலைகிறது. அதிலுள்ள சிலிக்கா வேறொன்றோடு சேரத் தயாராக நிற்கிறது. சுண்ணாம்பும் நீரும் கிடைத்ததும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்ற புதுப்பொருள் உண்டாகிறது. இதற்குக் காற்று வேண்டாம், தண்ணீர் போதும்.

அந்தப் பொருளுக்குள் மூன்று விதமான கட்டுகள் உண்டு. ஒவ்வொரு சிலிக்கான் அணுவையும் சுற்றி நான்கு ஆக்சிஜன், நான்முகி வடிவில். எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பலமான சகப்பிணைப்பு அது. இந்த நான்முகிகள் கைகோத்துச் சங்கிலியாகி, கால்சியத்தோடு சேர்ந்து மெல்லிய தாள் அடுக்குகளாகின்றன. தாள்களில் எதிர்மின்சுமை. இடையில் நேர்மின்சுமையுள்ள கால்சியம் அயனிகள் நின்று இருபக்கமும் இழுத்துப் பிடிக்கின்றன. மூன்றாவது, இடையில் சிக்கிய நீர் மூலக்கூறுகளின் ஹைட்ரஜன் பிணைப்பும் வான் டெர் வால்ஸ் விசையும். தனித்தனியே எளியவை, கோடானுகோடி சேர்ந்தால் வலியவை. ஊர் கூடித் தேர் இழுப்பது மாதிரி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அணை கட்டியவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. மலைக்காட்டில் வேலை தொடங்கிய அதே 1887-ல்தான் பாரிஸில் ஆன்றி லெ ஷாத்தலியே, நீரில் இறுகும் கலவைகளுக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்து முனைவர் ஆய்வேடு கொடுத்தார். தாம்ஸன் எலக்ட்ரானைக் கண்டறிந்தது 1897, அதாவது அணை திறந்து இரண்டு வருஷம் கழித்து. எலக்ட்ரான் ஜோடிதான் பிணைப்பு என்று லூயிஸ் எழுதியது 1916. பாடப்புத்தகத்துக்கு அணை மூத்தது. சுண்ணாம்பு அரைத்தவர்களும், மலேரியாவில் அந்தக் காட்டிலேயே மாண்டவர்களும் கைப்பழக்கத்தையும் அனுபவத்தையும் நம்பிக் கட்டினார்கள்.

பெருமை பேசி நிறுத்திவிடக் கூடாது. சுர்க்கியோடு சேராமல் மிஞ்சிய சுண்ணாம்பு, கசியும் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவு கரையக் கூடியது. நீர் மூலக்கூறு நேர்கோடாக இல்லாமல் வளைந்திருப்பதால் அதற்கு ஒரு முனை நேர், ஒரு முனை எதிர். அந்தக் குணத்தால்தான் அயனிகளைப் பிரித்து இழுத்துக்கொண்டு போகிறது. இறுக வைத்த தண்ணீரே அரிக்கவும் செய்யும். கேரளத்துச் சகோதரர்களின் பயத்துக்கு வேர் இங்கே இருக்கிறது. அதை ஏளனம் செய்யக் கூடாது.

அதற்கு மருந்தும் நடந்திருக்கிறது. 1930-களிலேயே துளையிட்டுச் சிமெண்ட் கரைசல் செலுத்தினார்கள். 1979-ல் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்த பிறகு, அணையைப் பாறையோடு சேர்த்துக் கம்பி வடங்களால் இறுக்கி, பின்னால் கான்கிரீட் முட்டும் கொடுத்தார்கள். நீதிபதி ஆனந்த் குழு 2012-ல் அணை பாதுகாப்பாக உள்ளது என்றது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்த அடிக்கணக்கை நம்பித்தான் இருக்கிறது.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ பழைய கட்டோட புதுக்கட்டும் சேர்ந்துதான் பிடிச்சிருக்கு" என்றான். சரியாகத்தான் சொன்னான். கட்டியவர்களைக் கும்பிடுவது ஒரு நன்றி. கட்டு தளராமல் பார்த்துக்கொள்வது இன்னொரு நன்றி. இரண்டாவதை வருஷத்துக்கு ஒருநாள் மட்டும் செய்தால் போதாது.