பெய்ல்மரில் ஒரு ஃப்ளாட், வெள்ளிமலையில் ஒரு வீடு

ப்ராஜெக்ட் வேலையாக ஆம்ஸ்டர்டாமில் இருந்தபோது, மாசாமாசம் வாடகை கொடுத்து அலுத்துப்போய், சின்னதாக ஒரு ஃப்ளாட் வாங்கிவிடலாமா என்று ஆசை வந்தது. நகருக்குள் விலை கேட்டாலே தலை சுற்றும். நண்பர்கள் காட்டியது தென்கிழக்கில் இருக்கும் பெய்ல்மர்மேர் என்ற புறநகர்ப் பகுதியை.

பெய்ல்மருக்கு ஒரு கதை உண்டு. 1960களின் பிற்பகுதியில், தேன்கூடு மாதிரி அறுகோண வடிவில் வளைந்து வளைந்து போகும் உயரமான அடுக்ககங்களாக அதைக் கட்டினார்கள். எதிர்காலத்தின் நகரம் என்று பேர். நடுத்தரக் குடும்பங்கள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 1975-ல் சுரினாம் சுதந்திரம் பெற்றபோது அங்கிருந்து வந்த மக்கள் நிறையப் பேர் இங்கே குடியேறினார்கள். பிறகு கெட்ட பெயர், 1992-ல் சரக்கு விமானம் அடுக்ககத்தின் மேலேயே விழுந்த விபத்து, அப்புறம் வரிசையாக இடிப்பு. கடைசியில் நின்ற கிளைபுர்க் என்ற கட்டடத்தை மட்டும் இடிக்காமல், சுமார் 500 வீடுகளை உள்வேலை முடிக்காமல் வெறும் கூடாக மலிவாக விற்றார்கள். உள்ளே சுவர், சமையலறை எல்லாம் வாங்கியவர் பாடு. 2017-ல் ஐரோப்பாவின் பெரிய கட்டடக்கலை விருது அதற்குக் கிடைத்தது.

என்னை நிறுத்தியது விலை அல்ல. நான் பார்த்த ஃப்ளாட்டின் விவரக்குறிப்பில் இருந்த ‘எர்ஃபாக்ட்’ என்ற ஒரு சொல். நிலக் குத்தகை என்று அர்த்தம். 1896-லிருந்தே ஆம்ஸ்டர்டாம் மாநகராட்சி தன் நிலத்தை விற்பதை விட்டுவிட்டுக் குத்தகைக்கு விடுகிறது. அங்கே பல வீட்டுக்காரர்களுக்கு வீடு சொந்தம், அடிமண் ஊருக்குச் சொந்தம். நம்ம ஊரில் ஃப்ளாட் வாங்கினால் பத்திரத்தில் ‘பிரிவுபடாத பாகம்’ என்று இத்தனை சதுர அடி மண்ணாவது நம் பேரில் வரும். மண்ணே இல்லாமல் ஒரு வீடா? ஊரில் அப்பாவிடம் போனில் சொன்னேன். “காத்தை வாங்கப் போறியா?” என்றார்.

ஆனால் அந்தக் காற்றுக்கு வங்கி கடன் தருகிறது. அதை விற்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம். காரணம், 1832-லிருந்து நடக்கும் கதாஸ்டர் என்ற நிலப்பதிவேடு. எந்த மனையில் யாருக்கு என்ன உரிமை என்பதைச் சில யூரோ கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரே கட்டடத்தில் ஆளுக்கொரு வீடு என்பதற்கும் 1951-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது.

நான் வாங்கவில்லை. அப்பா சொன்னதும் ஒரு காரணம்தான்.

ஊருக்குத் திரும்பியபின் கள்ளக்குறிச்சி வீட்டுப் பத்திரங்களை எடுத்துப் பார்த்தேன். தாய்ப்பத்திரத்தில் தென்னாற்காடு மாவட்டம். அடுத்ததில் விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம். 1993-ல் பிரித்தபோது அதுதான் பேர். அதற்கடுத்ததில் வெறும் விழுப்புரம். இனிமேல் எழுதினால் கள்ளக்குறிச்சி மாவட்டம், அது 2019-ல் பிறந்தது. மாவட்டம் மாறிக்கொண்டே இருந்தாலும் சங்கிலி அறுபடவில்லை. வில்லங்கச் சான்று போட்டால் வந்துவிடும்.

இதே மாவட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்கிற கல்வராயன் மலையில் அப்படி ஒரு சங்கிலி இல்லை. மேலே இருந்தது ஜாகிர் ஆட்சி. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகிர்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. கீழே சமவெளியில் வெள்ளைக்காரன் ரயத்துவாரி அளவீடு செய்து ஒவ்வொரு வயலுக்கும் எண் போட்ட காலத்தில், மலையில் உழுதவர் வரி கட்டியது ஜாகிர்தாரிடம். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தும் இந்த ஜாகிர்கள் நீடித்தன. அரசு மலையைக் கையில் எடுத்தது 1976-ல். நான் பிறப்பதற்குச் சில வருஷங்கள் முன்புதான்! அரசு அளவீடு, பட்டா எல்லாம் அதற்கப்புறம். 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலையின் நிலைமையைத் தானே முன்வந்து விசாரிக்க எடுத்தது. அதற்கப்புறம்தான் இந்த 1976 கணக்கே வெளியே பரவலாகப் பேசப்பட்டது.

மலையில் பெரும்பகுதி காடு. அதற்குள் வீடும் கொல்லையும் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடியினருக்கு 2006 வன உரிமைச் சட்டம்தான் வழி. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருந்தால் 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். திருமணமானவர் என்றால் கணவன் மனைவி இருவர் பேரிலும் பதிவாகும். வாரிசுக்குப் போகும். ஆனால் விற்க முடியாது.

ஆக, பெய்ல்மரில் மண் இல்லாமல் வீட்டை விற்கலாம். இங்கே மண் இருந்தும் விற்க முடியாது. விற்க முடியாது என்பது தப்பில்லை என்பதுதான் என் கட்சி. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் வெள்ளிமலைச் சாலையோரம் முழுக்க சமவெளிக்காரர்களின் ரிசார்ட்டாகிவிடும். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. அடமானம் வைக்க முடியாத வீட்டை நம்பி எந்த வங்கி கடன் கொடுக்கும்? மலையில் எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு கான்கிரீட் போட வட்டிக்குத்தான் வாங்கினார்.

அந்தச் சட்டத்தின் விதிகளில் எனக்குப் பிடித்தது சாட்சியப் பட்டியல். ரேஷன் கார்டு, வரி ரசீது மாதிரி காகிதங்களோடு, நிலத்தில் போட்ட வரப்பு, கட்டிய தடுப்பணை, ஊர்ப் பெரியவர் சொல்ல எழுதிக்கொண்ட வாக்குமூலம் எல்லாமே ஆதாரமாகச் செல்லும். பத்திரமே இல்லாத ஒரு வரலாற்றை அரசாங்கம் எழுத முயன்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

போன முறை போனபோது அவரிடம் ஜாகிர் காலத்து ரசீது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய், அவருடைய தாத்தா அடுக்கிய கல் வரப்பைக் காட்டினார். படம் எடுத்துக்கொண்டேன்.